நெடுநேரப் பந்தயக் காரைச் சாலைக்குக் கொண்டுவருதல்

1956ஆம் ஆண்டின் பந்தயப் பருவம் முடிந்து ஜாகுவார் நிறுவனம் தன் சொந்தப் பந்தய அணியைக் கலைத்தபோது, எஞ்சியிருந்த டி-டைப் பந்தயக் கார்களில் 25ஐச் சாலைக்கு ஏற்றவையாக மாற்றத் தீர்மானித்தது. பயணி ஏறுவதற்கு ஒரு கதவு அமைத்தார்கள். இரு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த தடுப்பையும் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழுந்து நின்ற துடுப்பையும் அகற்றினார்கள். முழு அகலத்துக்கு முன்கண்ணாடி, மடக்கும் துணிக்கூரை, மெல்லிய பம்பர்கள், பின்புறத்தில் பெட்டி வைக்கும் சட்டம் ஆகியவற்றைப் பொருத்தினார்கள். 1957 பிப்ரவரி 12 அன்று தொழிற்சாலையில் மூண்ட தீயில் 9 கார்கள் அழிந்துபோக, எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்ற பெயரில் 16 மட்டுமே வெளிவந்தன.

அந்த வேலைகளில் பெரும்பாலானவை உடற்கூட்டோடு நின்றுவிட்டன என்பது கவனிக்கத்தக்கது. இரவிலும் மழையிலும் 24 மணி நேரம் ஓடுவதற்காகப் பிறந்த காரில் ஹெட்லைட், வைப்பர், மின்சாரம் உண்டாக்கும் கருவி ஆகியவை முன்பே இருக்கும். ஆகவே, நெடுநேரப் பந்தயக் கார் பாதி சாலைக் காராகவே நம் கைக்கு வருகிறது. அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: மெதுவாகப் போவது. மாற்றும் வேலை முழுவதையும் இந்த நோக்கில் திட்டமிட்டால் எதைத் தொட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது விளங்கிவிடும்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் காகிதங்களை முடித்துக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆவணங்களோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு, வாகனப் பதிவை அனுமதிக்கும் அதிகாரியிடம் நேரில் சென்று, எந்தெந்தச் சோதனைகளில் கார் தேற வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்ட்டினி மதுபான நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த கவுண்ட் ரோஸி, 1975இல் தம் போர்ஷே 917 பந்தயக் காருக்குச் சைலன்சர், இண்டிகேட்டர், பக்கக் கண்ணாடிகள், தோல் இருக்கைகள் எல்லாம் பொருத்தி ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிசுக்கு ஓட்டிச் சென்றார். ஐரோப்பாவில் பதிவு பெற முடியாததால், அந்தக் கார் தாங்கியிருந்ததோ அமெரிக்காவின் அலபாமா மாநிலப் பதிவெண். வேலையெல்லாம் முடிந்த பிறகு பதிவுக்கு அலைவது மிகுந்த துயரம் தரும். மேலும், உங்கள் காருக்குப் பழங்கார்ப் பந்தயங்களில் கலந்துகொள்வதற்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தரும் தொழில்நுட்பச் சான்று இருந்தால், செய்யும் மாற்றங்கள் அந்தத் தகுதியைப் பறித்துவிடலாம். அதனால் ஒரு விதியைக் கடைசிவரை கைவிடாதீர்கள்: திரும்பப் பெற முடியாத எதையும் செய்யக் கூடாது. பழைய அடிச்சட்டத்தில் புதிதாக ஒரு துளைகூட இட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் துளைகளிலும் பட்டைகளிலும் புதிய பாகங்களைத் தாங்கிகள் கொண்டு மாட்டுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, பெயர்ச்சீட்டு கட்டி, எண்ணெய் தடவிப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது அடிச்சட்டம். இந்தக் கார்கள் சில பந்தயங்களைத் தாங்கினால் போதும் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. அரை நூற்றாண்டு உழைக்க வேண்டும் என்று எவரும் நினைத்திருக்கவில்லை. போர்ஷே 917இன் அலுமினியக் குழாய்ச் சட்டம் ஏறத்தாழ 42 கிலோதான். அதன் குழாய்களுக்குள் வாயுவை அழுத்தி நிரப்பி வைத்து, அழுத்தம் குறைந்தால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். உங்கள் கார் ரிவெட் அடித்த தகட்டுக் கூடாக இருந்தால் தளர்ந்த ரிவெட்டுகளைச் சுற்றித் தெரியும் கருமையான பொடியைத் தேடுங்கள்; குழாய்ச் சட்டமாக இருந்தால் வெல்டிங் இணைப்புகளில், விரிசலைச் சாயம் ஊடுருவிக் காட்டும் சோதனை செய்யுங்கள். மேக்னீசியம் சக்கரங்கள் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே அரித்துப்போகும் இயல்புடையவை. அவற்றை எக்ஸ்ரே எடுக்காமல் சாலையில் உருட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வசதியிருந்தால் அவற்றைச் சுவரில் மாட்டிவிட்டு, அதே வடிவில் புதிதாக வார்த்த அலுமினியச் சக்கரங்களைப் போடுங்கள். பெட்ரோல் தொட்டியின் உள்ளிருக்கும் ரப்பர்ப் பைக்கும் ஆயுள் உண்டு. எஃப்.டி.3 என்ற தரத்தில் செய்த பைக்கு, மறுசான்று பெறாவிட்டால், பந்தய விதிகள் 5 ஆண்டுகளையே அனுமதிக்கின்றன. பழைய பையையும் பழைய குழாய்களையும் தயங்காமல் எறிந்துவிட்டு, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரில் புதியவற்றை வாங்குங்கள். எத்தனால் பட்டால் பழைய ரப்பர் கரையும், பைக்குள் இருக்கும் நுரை பொடிந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளைகளான ஜெட்டுகளை அடைக்கும்.

இனி, உழைப்பு அதிகம் தேவைப்படும் இடம்: வெப்பம். பந்தயக் காரின் ரேடியேட்டர், வேகத்தில் தானாக வந்து மோதும் காற்றையே நம்பியிருக்கிறது. சிக்னலில் 3 நிமிடம் நின்றால் அந்தக் காற்று இல்லை. பல கார்களில் மின்விசிறியும் இருப்பதில்லை. ரேடியேட்டருக்கும் ஆயில் குளிர்விப்பானுக்கும் தனித்தனியே மின்விசிறி வைத்து, வெப்ப ஸ்விட்சால் தானாக ஓடச் செய்யுங்கள். ஓட்டுநர் கையாலும் இயக்கும்படி இன்னொரு ஸ்விட்ச் கட்டாயம் இருக்கட்டும். விசிறிகள் இழுக்கும் மின்சாரத்தைப் பழைய டைனமோ தராது; ஆகவே ஆல்டர்னேட்டர் வேண்டும், அதற்கேற்ற தடிமனில் கம்பிகளும் ஃபியூசுகளும் வேண்டும். காற்று வரும் வழியில் உள்ள இடுக்குகளைத் தகடு வைத்து அடைத்து, உள்ளே நுழையும் காற்று முழுவதும் ரேடியேட்டருக்குள் புகும்படி செய்வது செலவே இல்லாத வேலை. ஆனால் கார் ஓடும்போது அது நல்ல பலன் தரும்.

என்ஜினின் குணமும் இதே சிக்கலின் மறுபக்கம்தான். வால்வுகளைத் திறக்கும் பந்தயக் கேம் ஷாஃப்ட், உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரத்தை நீட்டி வைத்திருப்பதால், குறைந்த சுழற்சியில் என்ஜின் திணறும். மென்மையான கேம் ஷாஃப்ட்டும், பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேனுக்குப் பொருந்தும்படி குறைத்த அமுக்க விகிதமும் அதைச் சாந்தப்படுத்தும். வெப்பத்தை விரைந்து கடத்தும் பந்தய ஸ்பார்க் பிளக்குகள் மெதுவான ஓட்டத்தில் கரி பிடித்து நனைந்துவிடும். அவற்றுக்குப் பதிலாக ஓரிரு படி சூடான வகையைப் போடுங்கள், ஆனால் அவற்றோடு நெடுநேரம் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். மூல என்ஜினைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே வகையில் புதிதாகக் கட்டிய என்ஜினை ஓட்டுபவர்கள் உண்டு. பணம் இடம் கொடுத்தால் அதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. ஆயிலைத் தனித்தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் அமைப்பை அப்படியே விடுங்கள். நெடுநாள் நின்றிருந்த காரை எடுக்கும்போது மட்டும், பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஆயில் அழுத்தம் முள்ளில் ஏறிய பிறகே என்ஜினைக் கிளப்ப வேண்டும்.

கிளட்ச் பெரும்பாலும் உலோகத் துகள் அழுத்திய தகடுகளால் ஆனது. அது மெல்லப் பிடிக்கத் தெரியாமல், ஒன்று நழுவும், இல்லையென்றால் வெடுக்கென்று பிடிக்கும். மேட்டில் நின்று கிளம்புவது பெரும்பாடாகும். வழுக்கிப் பிடிக்கும் சாதாரண உராய்வுத் தகடுகளுக்கு மாறுங்கள். கியர் விகிதங்கள் பிரான்சில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மான்ஸின் 6 கிலோமீட்டர் நேர்பாதையை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், முதல் கியரே நகர வேகத்தைத் தாண்டிவிடும். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் கடைசிப் பற்சக்கர இணையான கிரவுன்-பினியனை மாற்றி எல்லா விகிதங்களையும் ஒருசேரக் குறைப்பது, கியர்களை ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட எளிது.

பந்தயப் பிரேக் பட்டைகள் சூடேறிய பின்னரே பிடிக்கும். குளிர்ந்த காலை நேரத்தில், முதல் திருப்பத்தில், கார் நிற்காமல் போகும் ஆபத்து மெய்யானது; குளிரிலும் பிடிக்கும் சாலைப் பட்டைகளை இடுவதில் சிக்கனம் கூடாது. கைப்பிரேக்குக்கு இயந்திரவகைத் தனிப் பிடிப்பான் தேவைப்படும். சஸ்பென்ஷனில் ரோஸ் ஜாயிண்ட் எனப்படும் உருண்டை மூட்டுகளுக்குத் தூசி எதிரி என்பதால் ரப்பர் உறை மாட்டுங்கள். தரையிலிருந்து காரை உயர்த்தும்போது கவனம் வேண்டும்: ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்திவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளின் கோணமும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரங்கள் தாமாகத் திரும்பும். ஆகவே உயரத்தை முடிவுசெய்த பின் ஸ்டீயரிங் பெட்டியின் இருப்பையும் சக்கரக் கோணங்களையும் புதிதாக அளந்து அமைக்க வேண்டும்.

விளக்குகள், ஹார்ன், இண்டிகேட்டர், அடுக்குக் கண்ணாடியாலான முன்கண்ணாடி ஆகியவற்றைச் சட்டம் கேட்டபடி பொருத்துவது சிரமமில்லை. சைலன்சரை மாற்றினால் கார்புரேட்டரின் ஜெட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். கண்ணாடியிழை உடற்கூடு சைலன்சருக்கு அருகில் வரும் இடங்களில் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். ஃபோர்டு ஜிடி 40 காரின் பெயரே அதன் 40 அங்குல உயரத்தைக் குறிக்கிறது, அதாவது ஏறத்தாழ 1 மீட்டர். அந்த உயரத்தில் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பின்புறத்தில் உயரமாக ஒரு பிரேக் விளக்கும், இருபுறமும் பெரிய பக்கக் கண்ணாடிகளும் இருந்தே தீர வேண்டும்.

முதல் ஓட்டத்தை விடியற்காலையில், 20 கிலோமீட்டருக்கு மிகாமல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் கார் சூடாக இருக்கும்போதே சக்கரங்களின் நட்டுகள், பிரேக் குழாய்கள், ஆயில் இணைப்புகள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பிறகு என்ஜினை 10 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, வெப்பமானியின் முள்ளைக் கவனியுங்கள். விசிறிகள் ஓடத் தொடங்கி, முள் ஏறுவதை நிறுத்தி, மெல்ல இறங்கினால், அடுத்த நாள் காரைப் போக்குவரத்துக்குள் எடுத்துச் செல்லலாம்.