கையாலேயே சரிசெய்யும் வில்: வேட்டைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

விரல் மரத்துப்போகிற விடியற்காலைக் குளிர். புதரை விட்டு ஒரு மான் வெளியே வந்து நின்றது. தூரம் அளக்கும் ரேஞ்ச் ஃபைண்டரைக் கண்ணில் வைத்து அமுக்கினால் திரையில் ஒன்றுமே இல்லை. பேட்டரி போயிருந்தது. மாற்றுப் பேட்டரியைப் பைக்குள் துழாவி எடுப்பதற்குள் மானும் போய்விட்டது. அப்புறம் அது நின்ற இடம் வரை நடந்து பார்த்தேன். 14 காலடிதான். அதை அளக்கவா ஒரு கருவி!

அன்றிலிருந்து எதை வாங்கப் போனாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: அரையிருட்டில், காட்டுக்குள் நின்றபடி, இதை நானே சரிசெய்துவிட முடியுமா?

காம்பவுண்ட் வில்லைக் குறை சொல்ல வரவில்லை. ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் அதற்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து வேட்டையின் போக்கே மாறிவிட்டது. முனைகளில் உள்ள கப்பிகள் பாரத்தை வாங்கிக்கொள்வதால், இழுக்க 70 பவுண்டு விசை கேட்கும் வில்லை முழுக்க இழுத்த பிறகு 14 பவுண்டு அளவுக்குத் தாங்கினால் போதும், நிதானமாகக் குறி பார்க்கலாம். ஆனால் அதில் நாண் அறுந்தால் பெரும்பாலும் வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரெஸ் இருக்கிற கடைக்குத்தான் போக வேண்டும். கப்பி இல்லாத, முனைகள் முன்பக்கம் வளைந்த ரீகர்வ் வில்லில் அது இரண்டு நிமிட வேலை. அதனால் ரீகர்வை வைத்தே சொல்கிறேன்.

படி 1: வில்

மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் ரீகர்வ் வாங்குங்கள். நடுவில் பிடி, மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் லிம்ப். முதலில் 25 அல்லது 30 பவுண்டு லிம்ப் போட்டுப் பழகுங்கள். உடம்பு பழகியதும் அதே பிடியில் 40, 45 மாட்டிக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் 50 பவுண்டு வாங்குகிறவர்கள் நாணைத் தாடை வரை இழுக்க முடியாமல் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கெட்ட பழக்கம் லேசில் போகாது.

கைகளை அகல விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுநீளம், அதாவது நாணை நீங்கள் இழுக்கும் தூரம், ஏறக்குறைய வந்துவிடும். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. உங்களுடையது 26 என்றால் நாலைந்து பவுண்டு குறைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் வேட்டை வில்லுக்குக் குறைந்தபட்ச இழுவிசையைச் சட்டமே வகுத்திருக்கிறது. உரிமம் எடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள். வேட்டைக்கே அனுமதி இல்லாத இடம் என்றால் இலக்குப் பலகையோடு நிற்க வேண்டியதுதான்.

படி 2: நாணேற்றுதல்

இரு லிம்ப் நுனியிலும் மாட்டி, காலால் மிதித்து வில்லை வளைக்கும் ஸ்ட்ரிங்கர் கயிற்றால் மட்டும் நாணை ஏற்றுங்கள். காலிடுக்கில் வில்லை வளைத்து ஏற்றுவது பார்க்க வீரமாக இருக்கும், ஆனால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது.

பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள உயரம் பெரும்பாலான ரீகர்வ்களில் 7 முதல் 9 அங்குலம் இருக்கும். நாணுக்குச் சில முறுக்குகள் கூட்டினால் உயரம் ஏறும். தயாரித்தவர் சொன்ன அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எய்துகொண்டே காதால் கேளுங்கள். ‘டங்ங்’ என்று அதிர்ந்த வில் ஓர் இடத்தில் ‘தப்’ என்று அடங்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 3: அம்பு

வில்லுக்குச் செலவழிப்பதைவிட அம்புக்கு அதிக நேரம் கொடுங்கள். தண்டின் விறைப்பு வில்லோடு பொருந்தாவிட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

தண்டை முழு நீளத்திலேயே வாங்குங்கள். மூன்று அம்புக்கு இறகு ஒட்டுங்கள், இரண்டை மொட்டையாக விடுங்கள். அம்பு நாணில் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் அதுதான் நாக் பாயிண்ட். அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் மட்டத்திலிருந்து அரை அங்குல உயரத்தில் தொடங்கலாம்.

இப்போது 10 மீட்டரில் நின்று ஐந்தையும் எய்யுங்கள். முதலில் மேல் கீழைப் பாருங்கள். மொட்டை அம்பு தாழப் போனால் முடிச்சை இறக்குங்கள், உயரப் போனால் ஏற்றுங்கள். அது சரியான பிறகு இடம் வலம். வலதுகைக்காரருக்கு, இறகு அம்புகளுக்கு இடப்புறம் மொட்டை குத்தினால் தண்டு விறைப்பு அதிகம், முனையின் எடையைக் கூட்டுங்கள். வலப்புறம் குத்தினால் தண்டு தொய்வு, கால் அங்குலம் வெட்டி மறுபடி எய்து பாருங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக ஓர் அங்குலம் வெட்டினால் போச்சு, ஒட்டவா முடியும்?

கார்பன் தண்டை ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் லேசாக வளைத்து, காதருகே பிடித்துக் கேளுங்கள். சிறு நெறிப்புச் சத்தம் வந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். கீறல் விழுந்த தண்டு நாணில் உடைந்தால் கைக்குள்தான் பாயும்.

படி 4: முனை

பட்டதும் விரியும் முனைகள் விற்கிறார்கள். விரிவதற்கே கொஞ்சம் விசை செலவாகும், 45 பவுண்டு வில்லில் அதைக்கூட இழக்க முடியாது. அசையாத இரட்டை அலகு முனை போதும். ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அலகைப் பட வையுங்கள். அமுக்காமலே அறுந்தால் கூர் சரி, இல்லையென்றால் மறுபடி சாணைக்கல்.

படி 5: தூரம்

45 பவுண்டு ரீகர்வின் அம்பு நொடிக்குச் சுமார் 50 மீட்டர் போகும். 30 மீட்டரைக் கடக்க 0.6 நொடி. நாணின் சத்தமோ 0.1 நொடிக்குள் மானின் காதுக்குப் போய்விடும். மீதி அரை நொடியில் அது குனிந்து பாயத் தொடங்கினால் அம்பு எங்கே படும் என்று யாருக்கும் தெரியாது. அடிபட்டு ஓடுகிற விலங்கைத் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 15 மீட்டர் என்றால் 0.3 நொடி. வேகம் கூடிய காம்பவுண்டின் அம்பு 30 மீட்டரைக் கடக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். எளிய வில்லோடு போகிறவர் அந்த மீதி 15 மீட்டரை நடந்து, ஒளிந்து, காத்திருந்து சம்பாதிக்க வேண்டும்.

ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, காலையில் உடம்பு சூடாகும் முன் ஒரே ஓர் அம்பு எய்யுங்கள். எந்தத் தூரத்தில் அந்த முதல் அம்பு தினமும் தட்டில் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

ரேஞ்ச் ஃபைண்டரை நான் விற்றுவிடவில்லை. கண்ணால் தூரத்தைச் சொல்லிவிட்டு அதில் சரிபார்க்க, பயிற்சிக்கு மட்டும் எடுக்கிறேன். காட்டுக்கு எடுத்துப் போகும் பையில் ஸ்ட்ரிங்கர், மெழுகு, சாணைக்கல், மாற்று நாண். அந்த நாணைப் புதிதாக அப்படியே உள்ளே போட்டுவிடாதீர்கள். வில்லில் ஏற்றி ஒரு 50 அம்பாவது எய்து, இழுபட்டு அடங்கிய பிறகு, பழைய நாணில் இருக்கும் அதே உயரத்தில் முடிச்சையும் போட்டு வையுங்கள்.