வெள்ளைக்கு ஒரே தொடக்கம் போதும்

சதுரங்கப் போட்டியில் வெள்ளைக் காய் வந்தால் லண்டன் சிஸ்டம் என்ற தொடக்கத்தை (ஆட்டத்தின் முதல் நகர்வுகளின் அமைப்பை) மட்டும் ஆடுங்கள். காலாளை டி4 (எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்), பிஷப்பை எஃப்4, அப்புறம் இ3, குதிரை எஃப்3, சி3, இன்னொரு குதிரை டி2, மற்றப் பிஷப் டி3. பிஷப் எஃப்4-க்குப் போன பிறகுதான் இ3. மாற்றி ஆடினால் அந்தப் பிஷப் உள்ளேயே அடைபட்டுவிடும்.

கறுப்பு எதை ஆடினாலும் பெரும்பாலும் இதே அமைப்பு வருவதால் முதல் ஏழெட்டு நகர்வுக்கு மணிக்கூட்டில் நேரம் கரையாது. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் வலய மட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, பரீட்சைப் படிப்புக்கு நடுவே பத்துத் தொடக்கங்களைப் பாடமாக்க எங்கே நேரம்? சின்னப் பிள்ளை ஆட்டம் என்றும் நினைக்க வேண்டாம்: 2023 உலக சாம்பியன் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் இதை ஆடித்தான் நெப்போம்னியாச்சியை வென்றார்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடாது. டி4-க்குக் கறுப்பு உடனே இ5 என்று வந்தால் லண்டனை மறந்துவிட்டு அந்தக் காலாளை வெட்டுங்கள். கறுப்பு சி5 ஆடி, தன் ராணியை பி6-க்குக் கொண்டுவந்தால் குறி உங்கள் பி2 காலாள். உங்கள் ராணியை பி3-இல் வைத்தால் சரி. கறுப்பு ஜி6 ஆடியிருந்தால் மற்றப் பிஷப்புக்கு டி3-ஐ விட இ2 நல்லது. கறுப்புக் காய் வந்தாலோ, வேறு தொடக்கம் படித்தே ஆக வேண்டும்.