கரும்பொருள்: நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

கண்ணுக்குத் தெரியாமல், தன் ஈர்ப்பால் மட்டுமே தடம் காட்டும் பொருளைத்தான் வானியலில் கரும்பொருள் (dark matter) என்கிறோம். குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. 'கரும்பொருள்' என்றதும் வானத்தில் கரிப்புகை போல ஏதோ மண்டிக் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கறுப்பாக இருப்பது பின்னால் உள்ளதை மறைக்கும். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கம் இருக்கும் குதிரைத்தலை நெபுலா அப்படிப்பட்டது. அது வெறும் தூசியும் வாயுவும்தான். கரும்பொருளோ ஒளியை உமிழ்வதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அதன் ஈர்ப்பு ஒளியின் பாதையைக் கொஞ்சம் வளைக்கும், அவ்வளவுதான்.

இருண்ட ஆற்றலோடு இதைச் சேர்த்துப் பேசுவதும் தவறு. கரும்பொருள் இழுக்கிறது, இருண்ட ஆற்றல் பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துகிறது. பிளாங்க் விண்கலத்தின் கணக்குப்படி, பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளும் ஆற்றலும் சேர்ந்ததில் முன்னது சுமார் 27 சதவீதம், பின்னது 68. நாம் அறிந்த அணுக்களெல்லாம் சேர்ந்து மீதி 5.

"கண்ணில் படாததை எப்படி நம்புவது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வானியலுக்கு இது புதிதல்ல. யுரேனஸின் நடையில் தெரிந்த பிசகை வைத்து, இன்ன இடத்தில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர் லெ வெரியே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் நின்றது!

சரி, அப்படியானால் பிசகு தெரியும் இடத்திலெல்லாம் ஒளிந்த பொருளைத் தேடலாமா? அதுவும் தவறு, இதே மனிதர் செய்த தவறு. புதன் கோளின் பாதையிலும் ஒரு சிறு பிசகு இருந்தது. சூரியனுக்கு அருகே 'வல்கன்' என்ற கோள் இருப்பதாக லெ வெரியே நம்பினார். ஆண்டுக்கணக்கில் தேடியும் அது கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கோளே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே புதிதாக எழுதியபோதுதான் அந்தப் பிசகு தீர்ந்தது.

எனவே கரும்பொருளுக்குப் பதில் ஈர்ப்பு விதியை மாற்றிப் பார்ப்பவர்களைக் கிறுக்கர்கள் என்று ஒதுக்கக் கூடாது. 1983இல் மில்குரோம் என்ற இயற்பியலாளர் அப்படியொரு விதியை முன்வைத்தார். காணும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் ஒரு விண்மீன் திரளின் (galaxy) விளிம்பு மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆனால் ஆண்ட்ரோமெடா என்ற திரளின் வெளி விளிம்பும் வேகம் குறையாமல் சுற்றுவதை 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் காட்டியிருந்தார்கள். இந்த மாதிரிச் சுழற்சிக்கு அந்த விதி நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் 'புல்லட்' கொத்தில் அது திணறுகிறது. அங்கே இரண்டு விண்மீன் திரள் கொத்துகள் மோதியிருக்கின்றன. காணக்கூடிய பொருளில் பெரும்பகுதியான சூடான வாயு நடுவில் தேங்கிவிட்டது. காணும் பொருள் மட்டுமே இழுத்தால் ஈர்ப்பும் அங்கேதான் மிகுந்திருக்க வேண்டும். ஈர்ப்போ அதைவிட்டு விலகி இரு பக்கமும் நிற்கிறது. 2006இல் வெளியான இந்த ஆய்வுதான் என் மனதைக் கரும்பொருள் பக்கம் சாய்த்தது.

அப்புறம், "கரும்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது" என்ற தலைப்புகள். இதுவரை தெரிந்தது ஈர்ப்பின் தடம் மட்டுமே. இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியிலும் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்திலும், தொட்டி நிறைய செனான் என்ற வாயுவைத் திரவமாக வைத்துக்கொண்டு, கரும்பொருளின் துகள் ஒன்று அதில் வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள். அந்தத் துகள் இன்னும் சிக்கவில்லை.