மார்கழி, தையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பக்கம் போகிறீர்களா?

நத்தார் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்களின் திட்டத்தில் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, கசூரினா கடற்கரை எல்லாம் தவறாமல் இருக்கும். யாழ். நகருக்கு அருகே திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தை யாரும் சேர்ப்பதில்லை. படிக்கிற பிள்ளைகளின் இடத்தில் நமக்கு என்ன வேலை என்று நினைத்துவிடுகிறோம். நினைவுப் பேருரை, ஆய்வரங்கு, நூல் வெளியீடு, இசை நடன அரங்கு என்று அங்கே நடப்பவற்றில் பல, பொதுமக்களும் கட்டணமின்றிப் போய் உட்காரக்கூடியவை.

முதலில் காலத்தைப் பார்ப்போம். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையை வைத்து டிசம்பர் கடைசியில் போய் இறங்கினால் மழையும் சேறுமாகத்தான் இருக்கும்; வடகீழ்ப் பருவமழை அப்போதுதான் ஓயத் தொடங்கும். டெங்கு நுளம்பும் அந்த நாட்களில் அதிகம். விடுப்பைத் தள்ளிப்போட முடிந்தவர்கள் ஜனவரி இரண்டாம் வாரத்தில் வந்து மாதக் கடைசிவரை நில்லுங்கள் என்பேன். வெயில் இதமாக இருக்கும், தைப்பொங்கலும் வந்துவிடும்.

கல்வியாண்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். கோவிட் காலமும் 2022 பொருளாதார நெருக்கடியும் பரீட்சைகளைக் கண்டபடி தள்ளிவிட்டன. ஒரு பீடத்துக்கு விடுமுறையாக இருக்கும்போது அடுத்த பீடத்தில் பரீட்சை நடக்கும். நிகழ்வின் அழைப்பிதழும் சில நாட்களுக்கு முன்னர்தான் வெளியே வரும். பல்கலைக்கழக இணையத்தளத்தையும் அந்தந்தத் துறையின் முகநூல் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதைவிட, அங்கே படிக்கும் மருமகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ அழைப்பிதழைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் வேகமான வழி.

பஞ்சாங்கத்தில் நிலையாக நிற்கும் நாட்கள் சில உண்டு. திருவெம்பாவைக் காலத்தில், அதாவது திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களில், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பரமேஸ்வரன் கோயிலுக்கு ஒரு விடிகாலையில் போய்வாருங்கள். இந்த வளாகம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலம். கோயிலும் அந்தக் காலத்ததுதான். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், மார்கழிக் குளிருக்கு ஒரு சால்வை கொண்டுபோனால் நல்லது. தைப்பொங்கலை ஒட்டி மாணவர்கள் வளாகத்தில் பொங்கல் விழா எடுப்பார்கள். தமிழர் உரிமைகளை வலியுறுத்திய பொங்கு தமிழ் நிகழ்வு 2001 ஜனவரி 17இல் நடந்ததும் இங்கேதான். அந்த நாளை மாணவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 2009இல் போரின் இறுதி நாட்களில் உயிரிழந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் வளாகத்துக்குள் இருக்கிறது. 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது அது. இத்தகைய இடங்களில் மாணவர்களின் முகம் தெரியப் படமெடுப்பதற்கும் அதைப் பகிர்வதற்கும் முன்னால் அவர்களிடம் கேளுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள்.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஜனவரி 10ஆம் தேதி நகரத்து முற்றவெளிக்கும் போகலாம். 1974இல் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தவர்களின் நினைவுத்தூண்கள், வீரசிங்கம் மண்டபத்துக்கு அருகே நிற்கின்றன. மாநாட்டை முன்னின்று நடத்திய பேராசிரியர் சு. வித்தியானந்தன் பின்னாளில் இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

பெரிய நிகழ்வுகள் பெரும்பாலும் கைலாசபதி கலையரங்கில் நடக்கும். பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. போகிறவர்கள் நம்மூர் மேடை ஒழுங்கைத் தெரிந்துகொண்டு போனால் பொறுமை மிஞ்சும். விருந்தினரை நாதஸ்வரம் தவிலுடன் அழைத்துவருவார்கள், மங்கள விளக்கேற்றுவார்கள், அதற்கே ஆறேழு பேர் வரிசையில் நிற்பார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. பேருரை தொடங்குமுன் பயணக் களை தீர ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பேருரை பல தடவை காத்திருந்ததற்கு ஈடாக இருக்கும். வெள்ளைத் துணி விரித்த முன்வரிசை நாற்காலிகளில் உட்காராதீர்கள், அவை விருந்தினருக்கு. நடுவில் எழுந்து போக வேண்டியவர்கள் ஓரமாக உட்காருவது மரியாதை. பட்டமளிப்பு விழா இந்தக் கணக்கில் சேராது. பட்டதாரியின் வீட்டாருக்கே மண்டப இருக்கைகள் மட்டுமட்டு, அழைப்பிதழ் இல்லாமல் போவது வீண்.

பிள்ளைகளுடன் வருபவர்களுக்கு என் தெரிவு மருதனார்மடம். பல்கலைக்கழகத்தின் இசை, நடனம், ஓவியம் போன்ற கலைகளுக்கான, இராமநாதன் பெயரிலான பீடம் காங்கேசன்துறை வீதியில் அங்கே இருக்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சனிக்கிழமை வகுப்பில் வீணையும் மிருதங்கமும் பழகும் பிள்ளை, அதையே பட்டப்படிப்பாகப் படிக்கும் இருபது வயதுக்காரரை அருகில் பார்ப்பது, பத்துக் கோயில் காட்டுவதை விடப் பயன் தரும். துறைக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

திருநெல்வேலி வளாகத்துக்கு யாழ். நகரிலிருந்து பலாலி வீதியால் போகும் பஸ்ஸில் ஏறி, பரமேஸ்வராச் சந்தியில் இறங்கினால் இராமநாதன் வீதி. ஓட்டோவில் போகிறவர்கள் ஏறுமுன் விலை பேசிக்கொள்ள வேண்டும். வாசல் காவலாளியிடம் சொல்ல நிகழ்வின் பெயரும் துறையின் பெயரும் தெரிந்திருக்கட்டும், கடவுச்சீட்டின் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். நூலகத்தைப் பயன்படுத்த விரும்புவோர் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே நூலகருக்கு எழுதி அனுமதி கேட்பது நல்லது.

விசா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர் பார்வையாளராக உட்காரச் சுற்றுலா அனுமதி போதும். கட்டுரை வாசிக்கவோ மேடையில் ஆடவோ பாடவோ அழைக்கப்பட்டிருந்தால், மாநாடும் கலை நிகழ்வும் அடங்கும் வணிக வருகைப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். அழைக்கும் துறையிடமே கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பொறியியல், விவசாய பீடங்கள் யாழ்ப்பாணத்தில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. அங்கே ஆய்வரங்கு இருந்தால் அதற்கென்று தனிப் பயணம் வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வாகனத்தில் வருபவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்திக் கச்சான் வாங்குவார்கள். அதைத் தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம் சற்றுத் தூரம் போனால் அறிவியல் நகர்.