கவுன்ட்டியை எதோடு ஒப்பிடுவது?

அமெரிக்காவில் வீடு மாறும்போது பள்ளியைப் பார்க்கிறோம், அப்புறம் விலையை. அந்த வீடு இருக்கும் கவுன்ட்டியின் (மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) உடல்நல நிலவரத்தையும் பாருங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2010இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ‘கவுன்ட்டி ஹெல்த் ரேங்கிங்ஸ்’ தொகுப்பு இதற்கு உதவும். 75 வயதுக்கு முன் நேரும் இறப்புகளால் இழந்த ஆண்டுகள், காப்பீடு இல்லாதோர், வீட்டு வசதிக் குறைகள் எல்லாம் அதில் உண்டு.

பலரும் பக்கத்துக் கவுன்ட்டியோடு ஒப்பிடுவார்கள். அது சரிவராது. பணக்காரப் புறநகரையும் விவசாயக் கவுன்ட்டியையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? மக்கள்தொகை, வயது, வருமானம் ஏறக்குறைய ஒத்த கவுன்ட்டிகளை, வேறு மாநிலத்தில் இருந்தாலும், எடுங்கள். சின்னக் கவுன்ட்டி என்றால் பிழை வரம்பை, அதாவது எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதை, பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள். நாலைந்து இறப்புகளே கணக்கைப் புரட்டிவிடும்.