படித்துறையில் கழற்றி வையுங்கள்

குடமுருட்டி ஆற்றில் முங்கி எழுந்தபோது என் ஃபிட்னஸ் வாட்ச்சின் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. மறுநாள் திரையே வரவில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘ஐபி 68’ என்று தூசி, தண்ணீர் புகாமைக்கான தரக்குறி போட்டிருந்ததை நம்பி இறங்கியவன் நான். தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

ஃபிட்னஸ் வாட்ச் வாங்கும் நம் ஊர்க்காரர்கள் முதலில் வழுக்குவது இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான். ஐபி 68 சோதனை ஆடாமல் அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீரில் நடப்பது. கம்பெனி சொல்லும் ஆழம், சொல்லும் நேரம் வரை தாங்கும். கை வீசி நீந்துவது அந்தக் கணக்கில் வராது. நீச்சலுக்கு ‘5 ஏடிஎம்’ வேண்டும், அதாவது 50 மீட்டர் ஆழத்து அழுத்தத்துக்கான குறி. அதைப் பார்த்துவிட்டு 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைச் சோதனையில் தாங்கியது, அவ்வளவே. உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு நாள்பட்டால் தளரும், சோப்பும் வெந்நீரும் பட்டால் இன்னும் சீக்கிரம். மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் சோப்போடு படித்துறைக்குக் கிளம்புகிறவர்கள் எந்த வாட்ச்சையும் கழற்றி வைப்பது நல்லது.

நீச்சலில் இன்னொரு கூத்து. ‘ஸ்விம்மிங் பூல்’ முறை நாம் கொடுக்கும் குளத்தின் நீளத்தை வைத்துச் சுற்று எண்ணும்; ஆற்றில் அது உளறும். ‘ஓப்பன் வாட்டர்’ முறை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும், ஆறு உங்களை இழுத்துக்கொண்டு போன தூரம் உங்கள் சாதனையாகவே பதிவாகும்!

அடுத்தது ஜிபிஎஸ். விலை குறைந்த பலவற்றில் இருப்பது ‘கனெக்டட் ஜிபிஎஸ்’, அதாவது போனிடம் இரவல் வாங்குவது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் படுகையில் ஓடினால், காலடியை எண்ணித் தூரத்தை ஊகிக்கும். செயற்கைக்கோள் சிக்னலை எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையில் பிடிப்பதற்குத் தனி விலை. அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓடுகிறவர்களுக்கு அது தேவை. வயல்வெளியில் ஓடும் நான் கொடுக்க மாட்டேன். உயரம் அளக்கும் சென்சாரும் அப்படித்தான். நமக்கு ஏற இருப்பது ஆற்றுப்பாலம் மட்டுமே.

‘14 நாள் பேட்டரி’ என்பது ஜிபிஎஸ்ஸை அணைத்து வைத்த கணக்கு. செப்டம்பர் 8 திருவிழாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர் பார்க்க வேண்டியது, ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை. வாங்கும் முன் உச்சிவெயிலில் தெருவுக்குக் கொண்டுவந்து திரை தெரிகிறதா என்றும் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும்.

இதயத்துடிப்பு தப்பாகக் காட்டுகிறது என்று வாட்ச்சைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதை வளையல் மாதிரி தொளதொளவென்று கட்டியிருப்பார்கள். வாட்ச்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கின் ஒளி தோலுக்குள் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் அது துடிப்பை அறிகிறது. இடைவெளி விட்டால் வெளிச்சம் புகுந்து கெடுக்கும். சில சமயம் ஓட்டத்தின் காலடி வேகத்தையே துடிப்பு என்று காட்டிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டுங்கள். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது அதுவும் போதாது. துல்லியம் வேண்டுமென்றால் நெஞ்சுப்பட்டை தனியாக வாங்க வேண்டும்.

தோல் வார் வேண்டாம், நம் ஊர் வேர்வையில் நாறிவிடும். 20 அல்லது 22 மில்லிமீட்டர் சாதாரண வார் பொருந்துகிற வாட்ச் என்றால், அறுந்த அன்றே பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.