மாசிப் புழுக்கத்தைச் சமாளிக்கும் முறை: கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தாருக்கு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள நம் ஊர்களில் தை மாதம் முழுவதும் வறண்ட கீழைக்காற்று வீசுகிறது. மாசி பிறந்து வெயில் ஏற ஏற அது தளர்ந்து, கடலின் ஈரத்தைச் சுமந்த மேலைக்காற்று பிற்பகல்களில் உள்ளே வரத் தொடங்குகிறது. வியர்வை உலர்வதால்தான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது வழிந்தோடிவிடும். ஆகவே, வறண்ட நாளுக்கு ஏற்ற வழிகளைப் புழுக்க நாளில் அப்படியே பின்பற்றக் கூடாது.

நிழலில் போட்ட துண்டு உலர வழக்கத்தைவிட நேரமானால், புழுக்கம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகு தரையில் நீர் தெளிப்பதையும் ஈரத் துணியைத் திரையாகக் கட்டுவதையும் நிறுத்திவிட வேண்டும். ஏர் கூலரைச் சன்னல்களை அடைத்துக்கொண்டு இயக்கினால் அறையில் ஈரம்தான் பெருகும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியின் காற்று நேராக உடலில் படும்படி இருப்பதே மேல். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை மட்டும் நம்பாமல் நீரில் நனைந்து கொள்ள வேண்டும்.

வெயிலுக்கு உடல் பழக ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், ஆண்டின் முதல் வெப்ப நாட்களே மிகவும் ஆபத்தானவை. இரண்டாம் போக அறுவடைக்கு ஆள் வைப்போர் வேலையை விடியலில் தொடங்கி, முதல் சில நாட்களுக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். கேரளத் தொழிலாளர் துறை கோடையில் வழக்கமாகப் பிறப்பிக்கும் பகல் 12 முதல் 3 மணி வரையிலான ஓய்வு உத்தரவுக்காகக் காத்திருக்காமல், அந்த ஓய்வை இப்போதே கொடுப்பதுதான் முறை.

தாகம் எடுக்கும் வரை பொறுக்காமல் உப்பிட்ட நீராகாரமும் மோரும் அடிக்கடி பருகுவது நல்லது. நுங்கு குளுமைதான், ஆனால் வியர்வையில் போன உப்பை அது ஈடு செய்யாது. மிகுதியாக வியர்த்துச் சோர்ந்தவருக்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து கொடுக்கலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால், வியர்வை வந்துகொண்டிருந்தாலும் அதை வெப்பவாதமாகவே கருத வேண்டும். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, அவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறியபடி, கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டியை வைக்க வேண்டும். நினைவு தெளியும் வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது.